கெடு நமக்கு மட்டும்

ஊருக்குள் ஒரு சேவை மையம் வரப்போகிறது என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி, “கதவத் தொறப்பாங்களா?” அரசாங்கம் சொல்கிற முதல் சேதி, “இத்தனை சேவைகள்!”

கேள்வி கதவைப் பற்றி இருக்கிறது, பதில் பட்டியலைப் பற்றி வருகிறது. பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம்வரை நாற்பது வருசமாக இதே பேச்சுவார்த்தைதான் நடக்கிறது. பட்டியல் வருசா வருசம் நீள்கிறது. நீளட்டும். நீட்டுவதற்கு என்ன செலவு? பிளெக்ஸில் இன்னொரு வரி, அவ்வளவுதானே.

கணக்குப் பார்ப்போம். 2024 ஜூலையில் தருமபுரி மாவட்டம் பாளையம்புதூரில் ‘மக்களுடன் முதல்வர்’ திட்டத்தை ஊரகப் பகுதிகளுக்குத் தொடங்கிவைத்தார்கள். 15 துறைகள், 44 சேவைகள், 30 நாளில் தீர்வு. சரியாக ஒரு வருசம் கழித்து, 2025 ஜூலையில் சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ தொடங்கியது. 15 துறைகள், 46 சேவைகள், 45 நாளில் தீர்வு. சேவை 2 கூடியது, காத்திருப்பு 15 நாள் கூடியது. இதே வேகத்தில் போனால் 100 சேவைகள் என்ற பொன்னாளை நாம் எட்டும்போது தீர்வுக்கான காலம் 450 நாளாக இருக்கும். வளர்ச்சி என்றால் இதுதான். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் ‘முன்பெல்லாம் சீக்கிரம் கிடைத்தது’ என்று முனகுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 2025 திட்டத்தின் நகரத்து முகாமில் 13 துறைகள், 43 சேவைகள்தான். கிராமத்து முகாமில் 46. பட்டணத்துக்காரனைவிட நமக்கு மூன்று சேவை கூடுதல்! சோளத்தட்டை கட்டிக்கொண்டிருக்கும் வேப்பந்தட்டைக்காரருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் கொடி பிடித்து நன்றி சொல்லியிருப்பார்.

கட்டடத்துக்கு வருவோம். 100 நாள் வேலைத் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் சேவை மையம் கட்டிக்கொள்ளலாம் என்று டெல்லி 2009இல் அனுமதி கொடுத்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் ‘பாரத் நிர்மாண் ராஜீவ் காந்தி சேவா கேந்திரம்’. தமிழ்நாட்டில் ‘கிராம ஊராட்சி சேவை மையம்’ என்று எழுதினார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சிகள், அரியலூர் மாவட்டத்தில் 201. இந்த ஊர்கள் வழியாக ஒருமுறை டவுன் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பளிச்சென்று பெயர், திறந்துவைத்தவரின் பெயர் அதைவிடப் பெரிதாக, அதற்குக் கீழே ஒரு பூட்டு. சில இடங்களில் பூட்டு துருப்பிடித்து, திறந்துவைத்தவரின் பெயரும் ஆட்சியோடு சேர்ந்து சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கும். திண்ணையில் மக்காச்சோளம் காயும். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த தெருவிளக்கு, போன தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வந்த மரத்தடுப்பு. அஸ்திவாரம் தோண்டியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். தோண்டி முடித்த பிறகு உள்ளே போக அவர்களுக்கு ஒரு வேலையும் வரவில்லை.

இதில் யாரும் அதிர்ச்சியடைய வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு சேவை மையக் கட்டடத்தை மட்டுமா திறந்து மூடினார்கள்? ஒரு மாவட்டத்தையே திறந்து மூடியிருக்கிறார்கள். 1995இல் திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரித்து அரியலூர் மாவட்டத்தைக் கொடுத்தார்கள். ஆட்சி மாறியது. 2002 மார்ச் மாதத்தோடு அரியலூர் மாவட்டம் காணாமல் போனது. திரும்ப ஆட்சி மாறி, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் அதே மாவட்டம் பிறந்தது. பிறப்புச் சான்று இரண்டு, இடையில் ஒரு இறப்புச் சான்று. இந்த மூன்றையும் வாங்குவதற்கு எந்த இ-சேவை மையத்திலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அரசாணை வந்துவிடும். அவர்களுக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

பெயர் சூட்டுவதிலும் அதே வேகம். 2013இல் அம்மா திட்டம்: அதிகாரிகள் உங்கள் ஊருக்கே வந்து மனு வாங்குவார்கள். 2021இல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’. 2023இல் ‘மக்களுடன் முதல்வர்’. 2025இல் ‘உங்களுடன் ஸ்டாலின்’. இடையில் 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக் என்று 2,000 இடங்களுக்கு அறிவித்து, 2022 ஜனவரியில் மூடியும் ஆயிற்று. ஒவ்வொரு ஆட்சியும் ‘நாங்கள் உங்களைத் தேடி வருகிறோம்’ என்கிறது. பன்னிரண்டு வருசமாகத் தேடுகிறார்களே, நாங்கள் என்ன ஒளிந்துகொண்டா இருக்கிறோம்? அதே தெருவில், அதே ஒழுகுகிற வீட்டில், அதே பட்டா மாறாத அரைக் காணியோடுதான் இருக்கிறோம்.

சரி, கதவு திறந்திருக்கும் மையத்துக்குள் போவோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஒவ்வொன்றுக்கும் அரசு வைத்த கட்டணம் 60 ரூபாய். முதியோர் உதவித்தொகை மனுவுக்கு 10 ரூபாய். சுவரில் ஒட்டியும் இருக்கிறது. ஒட்டியதற்கு முன்னால் ஒரு பீரோவை நகர்த்தி வைத்திருப்பார்கள், அது தற்செயல்.

“அப்பாயி, ஓடிபி வந்துச்சா?”

“என்னா வரணும் கண்ணு?”

“போன்ல ஒரு நம்பர் வரும்.”

“போனு பேரன்கிட்ட இருக்கு. அவன் திருப்பூர்ல இருக்கான்.”

“அப்ப அவனுக்குப் போன் போட்டுக் கேளுங்க. சீக்கிரம் சொல்லணும், இல்லாட்டி மறுக்க மொதல்லேருந்து போடணும்.”

“போன் போடத்தான் போனு இல்லியே சாமி.”

மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளை தன் சொந்தப் போனிலிருந்து திருப்பூருக்குப் பேசும். பேரன் மிசினில் இருப்பான், எடுக்க மாட்டான். எடுத்தால் சர்வர் இருக்காது. சர்வர் வந்தால் கரண்ட் இருக்காது. எல்லாம் ஒன்றாகக் கூடி வரும் சுபவேளையில் ஸ்கேன் செய்த தாள் 200 கேபியைத் தாண்டிவிட்டது என்று கணினி ஏற்காது. அந்தக் கம்ப்யூட்டர்ப் பிள்ளைமேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. இந்த மொத்த அமைப்பில் அப்பாயியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் அது.

மனு போய்விட்டால் அடுத்த கட்டம். முன்பு கோப்பு மேசைமேல் கிடந்தது. தூசு படிந்தாலும் கண்ணால் பார்க்கலாம், ‘அந்த நீலக் கட்டுதாங்க என்னுது’ என்று கை நீட்டலாம். இப்போது அது ‘லாகினில்’ நிற்கிறது. விஏஓ லாகினில் நின்று, ஆர்ஐ லாகினில் நின்று, தாசில்தார் லாகினில் நிற்கும். விஏஓவைக் கேட்டால் அவருக்கு இன்னொரு ஊர் கூடுதல் பொறுப்பு. இன்றைக்கு அங்கே இருக்கிறார். அங்கே போனால் தாலுகா ஆபீஸில் மீட்டிங். தாலுகா ஆபீஸுக்குப் போனால், “நாங்க அனுப்பிட்டோமே, உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே” என்பார்கள். மெசேஜ் திருப்பூருக்குப் போயிருக்கிறது.

இப்படியாக, அனுமதிக்கப்பட்ட சேவைகள் யாவும் சிறப்பாக நடந்துகொண்டிருப்பதால், இன்னும் சிலவற்றையும் சேர்க்கும்படி பணிவோடு பரிந்துரைக்கிறேன். இவை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவைதான். அங்கீகாரம் மட்டும்தான் இல்லை.

1. மனு வயதுச் சான்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. வயது 12 கோடி ஆண்டு என்கிறார்கள். கடல் இருந்த இடத்தில் புதைந்து, யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்ததால் கல்லானது. எங்கள் உட்பிரிவுப் பட்டா மனுக்களுக்கும் அதே வசதி செய்து தரப்பட்டிருக்கிறது. எந்த மனு எத்தனை வருசமாகக் கிடக்கிறது என்று 60 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு சான்று கொடுங்கள். பத்து வருசம் தாண்டியதை வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும்.

2. ஆற்றுவழி அனுப்புகை. 2025 ஆகஸ்டில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்தன. சம்பந்தர் விட்ட ஏடு அதே வைகையில் எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகத்தில் கரையேறியது என்று படித்த தேசம் இது. திருப்புவனத்து மனுக்களுக்கு எதிர்நீச்சல் போடும் வலு இல்லை; தண்ணீர் போன போக்கில் போயின. எங்கள் மாவட்டங்களில் இந்தச் சேவையைத் தொடங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. மருதையாற்றில் வருசத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லை. மணலில் புதைக்கலாம் என்றால், திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்தில் மணலையும் அள்ளிவிட்டார்கள்.

3. ரசாயன நோட்டு விற்பனை. கையூட்டு வாங்கியவரை லஞ்ச ஒழிப்புத் துறையினர் ரசாயனம் தடவிய நோட்டு கொடுத்துப் பிடித்தார்கள் என்ற செய்தியை நாளிதழ்களின் திருச்சிப் பதிப்பு வாசகர்களாகிய நாங்கள் நாள்காட்டி கிழிப்பதுபோல் அடிக்கடி படித்துவருகிறோம். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று என்று வேலையின் பெயர்தான் மாறும். மாட்டிக்கொள்கிறவர் ஒருவர், மாட்டாதவர்கள் எத்தனை பேர் என்று நோட்டுக்குத் தெரியாது. மனுதாரர் திருச்சிக்கோ பெரம்பலூருக்கோ அலையாமல், மையத்திலேயே ஐந்நூறு ரூபாய்க் கட்டாக ரசாயனம் தடவி விற்றால் நேரம் மிச்சம்.

4. சாவி தேடும் செயலி. இரண்டு மாவட்டத்திலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி தொடக்கத்தில் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். அதற்கு முன்பாவது தலைவர் வீட்டு வாசலில் போய், “சாவி எங்கண்ணே?” என்று கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வந்த மனிதர், ஓரளவுக்கு வெட்கப்படுவார். தனி அலுவலருக்குப் பல ஊராட்சி, பல சாவி. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதை ஒரு செயலியில் காட்டினால் நல்லது. செயலிக்கு ஓடிபி வேண்டாம்.

5. ஜெராக்ஸ் கடை அங்கீகாரம். தாலுகா ஆபீஸ் எதிரில், மையத்துக்கு நான்கு கடை தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அரசாங்கம் வேலை செய்கிற ஒரே இடம் அதுதான். அங்கே இருப்பவருக்கு எந்த மனு யார் லாகினில் நிற்கிறது, அந்த ‘யார்’ எத்தனை மணிக்கு டீ குடிக்க வருவார், எவ்வளவு கொடுத்தால் எந்தக் கிழமை சான்று வரும் என்பது அத்துப்படி. 60 ரூபாய்ச் சான்றை 300 ரூபாய்க்கு, சொன்ன தேதியில் கொடுக்கிறார். சொன்ன தேதியில்! எந்த மக்கள் சாசனப் பலகையும் காப்பாற்றாத வாக்கை அவர் காப்பாற்றுகிறார். அவரை ‘மாவட்டச் சேவை வழங்கு அலுவலர்’ என்று அறிவித்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் பூட்டிவிடலாம். பூட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டதால் கூடுதல் செலவில்லை.

6. ‘வரும்’ சான்று. ஜெயங்கொண்டம் பக்கம் 1990களில் பழுப்பு நிலக்கரியை எடுத்து மின்சாரம் தயாரிக்கப் போவதாக ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தினார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அங்கிருந்து ஒரு யூனிட் மின்சாரம் வரவில்லை. இழப்பீட்டுக்காகக் கோர்ட்டுப் படி ஏறியதில் ஒரு தலைமுறைக்கு முட்டி தேய்ந்தது. பெரம்பலூர் மாவட்டத் தலைநகராகி முப்பது வருசம் ஆகிறது, ரயில் நிலையம் இல்லை. ஒவ்வொரு மக்களவைத் தேர்தலுக்கும் ரயில் வருகிறது. ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்விடுகிறது. ஆகவே, ‘இன்னார் இன்ன திட்டம் வரும் என்று இத்தனை வருசம் நம்பியிருந்தார்’ என்று ஒரு சான்று கொடுங்கள். பேரப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்க அதுவாவது இருக்கட்டும்.

இதுவரை சிரித்ததெல்லாம் போதும்.

அரசாங்கம் மக்களுக்கு உடனடியாக, தடையில்லாமல், எந்த ஓடிபியும் கேட்காமல் வழங்குகிற ஒரு சேவை இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவோடு வருகிற ஒவ்வொருவரின் பையையும் போலீஸ் திறந்து பார்க்கும். தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்க்கும். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று.

2017 அக்டோபர் 23. அன்றைக்கும் திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்தார். கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனுக்கொடுத்துப் பார்த்தவர். நான்கு பேரும் தீயில் கருகினார்கள், நான்கு பேரும் செத்தார்கள். மனுக்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் முறை அதற்குப் பிறகு மாறியதா? வாசலில் சோதனை கடுமையானது. மனு எரிகிற இடத்தை விட்டுவிட்டு, மனுதாரர் எரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தச் சேவை எந்தப் பட்டியலிலும் இல்லை. கட்டணமும் இல்லை. ஒரு திங்கட்கிழமைகூட இதற்கு சர்வர் போனதில்லை.

கெடு வைப்பது எப்படி என்று இந்த அரசாங்கத்துக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். நன்றாகத் தெரியும். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருசம் தாண்டினால் கோட்டாட்சியர்வரை அலைச்சல். கல்யாணம் செய்தால் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் கூடுதல் கட்டணம். கரண்ட் பில்லுக்கு 20 நாள். தாண்டினால் லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவார், அதைத் திரும்ப மாட்டுவதற்கு நாமே காசு கட்ட வேண்டும். நகராட்சியில் சொத்துவரி பாக்கி வைத்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி. மகளுக்கு வருமானச் சான்று வாங்கித் தர முடியாத அப்பனுக்காக எந்தக் கல்லூரிக் கவுன்சலிங்கும் ஒரு நாள் தள்ளிப்போனதில்லை. நாம் தாமதித்தால் அது குற்றம், தண்டம் உண்டு. அவர்கள் தாமதித்தால் அது நடைமுறை.

மக்கள் சாசனப் பலகையில் அவர்களுக்கும் நாள் எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது. தாண்டினால் என்ன என்பதுதான் எழுதப்படவில்லை. அந்தப் பலகையைச் சுவரில் தொங்கவிடலாம், யார்மேலும் தொங்காது.

அப்படி ஒன்றை எழுதிய சட்டமும் உண்டு. 100 நாள் வேலைச் சட்டத்தில் கூலியை 15 நாளுக்குள் தர வேண்டும், தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 விழுக்காடு இழப்பீடு என்று இருந்தது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டால் ஒரு நாள் கூலியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 17 பைசா கூட முழுசாக வராது. செந்துறையில் வெயிலில் ஏரி வெட்டிய பெண்ணின் பசிக்கு டெல்லி வைத்த விலை அது. 2025 தொடக்கத்தில் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி, மாநிலத்தை அப்போது ஆண்ட கட்சியே தெருவில் இறங்கிப் போராடியது. நியாயமான போராட்டம். உழைத்தவன் கூலி உரிய நாளில் வர வேண்டும், தாமதம் என்பது திருட்டு என்று ஒன்றியம் ஒன்றியமாக முழங்கினார்கள். கேட்க நன்றாக இருந்தது. டெல்லி தாமதித்தால் திருட்டு என்று தெரிந்தவர்களுக்கு, தாலுகா ஆபீஸ் தாமதித்தால் அதற்கு என்ன பெயர் என்று தெரியாமலா போகும்?

மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளில் சான்று தராத அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், 5,000 ரூபாய்வரை தண்டம். அடுத்த வருசமே பீகார் கொண்டுவந்தது. ஆமாம், பீகார்தான், நம் மேடைகளில் பின்தங்கிய மாநிலத்துக்கு எடுத்துக்காட்டாக இழுக்கிறோமே, அதே பீகார். 2011இல் கர்நாடகம் ‘சகாலா’ என்று கொண்டுவந்தது: தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், 500 ரூபாய்வரை, மனுதாரர் கையில். 2012இல் கேரளம். இந்தச் சட்டங்களால் அங்கெல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் சர்வர் போகும், அங்கேயும் டீ குடிக்கப் போவார்கள். ஆனால் ‘எனக்குத் தர வேண்டியதை ஏன் தரவில்லை’ என்று கேட்கும்போது அங்கே மனுதாரருக்குக் காலூன்றி நிற்க ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே கூப்பிய கைதான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதிதா? தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்டது இந்த மாநிலம்தான், 1997இல். முன்னே போகத் தெரிந்த மாநிலம், வேண்டுமென்றேதான் பின்னே நிற்கிறது. 2011 முதல் 2021வரை பத்து வருசம் ஆண்ட அதிமுக, சேவை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. திமுக வாயைத் திறந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாகவே கொடுத்தது. ஆட்சிக்கும் வந்தது. நான்கு வருசம் கழித்து 10,000 முகாம்களுக்குத் தேதி குறிக்க முடிந்தவர்களால், அதுவரை அந்த ஒரு சட்டத்துக்குத் தேதி குறிக்க முடியவில்லை. ஒன்று கொண்டுவராமலும் மற்றொன்று சொன்னதை மறந்தும் இரண்டு கட்சிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஏன் என்று யோசித்தால் விடை எளிது. முகாம் என்பது கொடை. பந்தல், நாற்காலி, வாழைமரம், முதல்வர் படம், கை கூப்பி வருகிற கூட்டம், அதில் ஒரு பாட்டியின் கையில் சான்றிதழைக் கொடுக்கும்போது போட்டோ. சட்டம் என்பது கடன். கொடுத்தால் யாரும் மாலை போட மாட்டார்கள், கொடுக்காவிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். கொடையாளியாக இருப்பதற்கும் கடனாளியாக இருப்பதற்கும் நடுவே எந்த அரசியல்வாதி எதைத் தேர்ந்தெடுப்பார்? அதனால்தான் நம் வரிப்பணத்தில் நமக்குத் தர வேண்டிய தாளுக்கு ‘சேவை’ என்று பெயர். வட்டிக்கடைக்காரர் மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை அன்னதானம் என்று சுவரொட்டி அடித்தால் ஊர் சும்மா இருக்குமா? நாம் இருக்கிறோம். பந்தலில் நாற்காலி கிடைத்ததே என்று உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம், “ஒனக்கு எத்தினி வருசம்?” என்று விசாரித்து, அவருக்கு நம்மைவிட இரண்டு வருசம் கூடுதல் என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிடுகிறது. இந்தப் பொறுமையும் அவர்கள் பட்டியலில் இல்லாத ஒரு சேவைதான். இதை மட்டும் நாம் அவர்களுக்குச் செய்கிறோம்.

ஆகையால் பட்டியலை நீட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிறுத்துங்கள். 47ஆவது சேவை வேண்டாம், 48 வேண்டாம். மையத்துக்குப் புது வண்ணம் வேண்டாம், புதுப் பெயர் வேண்டவே வேண்டாம். வருசத்துக்கு ஆறு முறை கிராமசபை கூட்டுகிறீர்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு, கொசு ஒழிப்பு என்று நீங்கள் அச்சடித்துக் கொண்டுவரும் தீர்மானங்களுக்குக் கீழே, இரண்டு மாவட்டத்தின் 322 ஊராட்சியிலும் எங்கள் தீர்மானம் ஒன்றையும் எழுதிக்கொள்ளச் செயலர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எழுத மறுத்தால், எழுதும்வரை தீர்மானப் புத்தகத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடுவதாக இல்லை. அந்தத் தீர்மானம் இது:

‘சேவை மையத்தில் கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் கெடு தேதி போட்ட ரசீது தர வேண்டும். கெடு தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், மனு யார் லாகினில் நிற்கிறதோ அவர் சம்பளத்தில் பிடித்து மனுதாரர் கணக்கில் போட வேண்டும். ஆள் பற்றாக்குறையால் தாமதம் என்றால், அந்தப் பணியிடத்தை நிரப்பாதவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். அவர் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி. இதற்கான சட்டம் வரும்வரை எங்கள் ஊரில் எந்த மையத்தையும் யாரும் ரிப்பன் வெட்டித் திறக்க வேண்டாம். ஏற்கெனவே கட்டியதன் பூட்டைத் திறந்தால் போதும்.’